கிராமம்தானே என்று கிளம்பினால்: ஓஸ்லா நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகரம் ஏறப் போகிறவர் ஆறு மாதம் பயந்து பயந்து தயாராவார். மலைக் கிராமத்துக்குப் போகிறவரோ, ‘ஊர்க்காரங்க தினமும் நடக்கிற வழிதானே’ என்று ஒரு ஜீன்ஸும் புது ஷூவுமாகப் புறப்பட்டுவிடுவார். பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்து குதிகாலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் இந்த இரண்டாமவர்தான்.

உத்தரகண்ட் மாநிலம், உத்தரகாசி மாவட்டத்தில் ஹர் கி தூன் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஓஸ்லா. டேராடூனிலிருந்து முசோரி, நௌகாவ், புரோலா, மோரி, நெட்வார் வழியாகச் சாங்க்ரி (சுமார் 1,950 மீட்டர்). அங்கிருந்து ஜீப்பில் 12 கி.மீ. போனால் தாலுகா. தாலுகாவிலிருந்து சுபின் ஆற்றை ஒட்டி 13, 14 கி.மீ. நடந்தால் ஓஸ்லா. உயரம் ஏறக்குறைய 2,560 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் கம்மி. அதனால் இந்த வழியில் ஆளைக் கவிழ்ப்பது உயரமல்ல. நேரக் கணக்கு, கால், இரவு நேரத்து அறை. இந்த மூன்றும்தான்.

மேப் சொல்லும் நேரத்தை நம்புவது

டேராடூனிலிருந்து சாங்க்ரி 200 கி.மீ.க்குள்தான். ஆறு மணி நேரத்தில் போய்விடலாம் என்று எண்ணத் தோன்றும். மலைச் சாலையில் பேருந்துக்கு ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். விடியற்காலை வண்டி ஏறினாலும் சாங்க்ரியில் இறங்கும்போது மாலை ஆகிவிடும். அன்றைக்கே தாலுகா போய் நடையைத் தொடங்குவதுதான் முதல் பெரிய தவறு. சாங்க்ரியில் ஒரு இரவு தங்கியே ஆகவேண்டும். மதியம் கிளம்பும் ஷேர் ஜீப்பை நம்பி டேராடூனுக்குக் காலையில் ரயிலிலோ விமானத்திலோ வந்து இறங்குகிறவர்கள், இருட்டில் அந்த வளைவுகளைக் கடக்க நேரும்.

நடையிலும் இதே கதை. சமவெளியில் மணிக்கு 5 கி.மீ. நடக்கிறவர் இங்கே பையோடு 2 முதல் 2.5 கி.மீ.தான் நடப்பார். தாலுகாவுக்கும் ஓஸ்லாவுக்கும் உயர வித்தியாசம் 500 மீட்டருக்கும் குறைவு என்று காகிதத்தில் பார்த்து ஏமாறவேண்டாம். பாதை ஓடைகளில் இறங்கி இறங்கி ஏறுகிறது. அந்த இறக்கங்களில் இழந்ததையெல்லாம் மறுபடி ஏற வேண்டும். சாப்பாட்டு இடைவெளியோடு ஆறேழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தாலுகாவைக் காலை எட்டு மணிக்குள் விட்டாக வேண்டும். அக்டோபருக்குப் பிறகு இன்னும் முன்னதாக. பள்ளத்தாக்கு ஒடுக்கமானது, பஞ்சாங்கத்தில் சூரிய அஸ்தமனம் எப்போது என்று போட்டிருந்தாலும், பாதையில் வெயில் அதற்கு வெகுமுன்பே மலை முகட்டுக்குப் பின்னால் போய்விடும். வெயில் போன பத்து நிமிடத்தில் குளிர் பிடிக்கும்.

வழியில் எதிர்ப்படுபவரிடம் ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால் ‘பஸ், ஆதா கண்டா’ (அரை மணி நேரம்தான்) என்பார். பொய்யில்லை. அது அவருடைய கால்களுக்கான அரை மணி நேரம். உங்களுக்கு இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். பை கனமாக இருந்தால் மூன்றால்.

தாலுகாவுக்கு அப்பாலும் சாலை போடும் வேலை நடக்கிற பகுதி இது. ஜீப் எதுவரை போகிறது என்பதைப் பழைய பயணக் கட்டுரையில் தேடாமல் சாங்க்ரியில் முந்தின நாள் மாலை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம். ‘ஓஸ்லா’ என்று பதிவு செய்துவிட்டுப் போனால் பல நேரம் அறை சீமாவில் இருக்கும். சீமா ஆற்றின் ஒரு கரையில், நடைபாதையை ஒட்டி, விடுதியும் சில கடைகளுமாக இருக்கும் இடம். ஓஸ்லா ஊர் எதிர்க்கரையில், பாலம் தாண்டி, செங்குத்தாக ஏறிப் போனால் வருவது. ஆறு மணி நேரம் நடந்து வந்த காலுக்கு அந்தக் கடைசி ஏற்றம் முக்கால் மணி நேரமாவது எடுக்கும். ஊருக்குள் தங்க வேண்டுமென்றால் ‘பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?’ என்று பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுவது நல்லது.

காலில் செய்யும் தவறுகள்

புது ஷூ வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு பழையது என்று சொல்லமாட்டார்கள். இந்த நடைக்குப் போட்டுக்கொள்ளும் அதே சாக்ஸோடு, அதே பையோடு, குறைந்தது 40, 50 கி.மீ. நடந்திருக்க வேண்டும். ஷூவை மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் ஷூவின் மூக்கில் மோதி மோதி ரத்தம் கட்டிக் கறுத்துவிடும். இறக்கம் தொடங்குமுன் நின்று, கணுக்கால் பக்கத்து லேஸை மட்டும் இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சறுக்காது.

குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்தால் ‘அடுத்த டீக்கடையில் பார்த்துக்கலாம்’ என்று தள்ளுவார்கள். அதுதான் கொப்புளம். சூடு தெரிந்த இடத்திலேயே நின்று, சாக்ஸைக் கழற்றி, காலைத் துடைத்துக் காயவிட்டு, சுருக்கம் விழாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நிமிட வேலை இரண்டு நாள் வலியை மிச்சப்படுத்தும்.

பயிற்சியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அடுக்குமாடியில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுவார்கள், இறங்க லிஃப்ட். தொடைத் தசை நீண்டபடியே எடை தாங்குவது இறங்கும்போதுதான், மறுநாள் எழுந்திருக்க முடியாமல் செய்வதும் அந்த வேலைதான். ஏறிய படிகளை எல்லாம் இறங்கியும் பழகுங்கள். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், 6 கிலோ பையோடு நாற்பது மாடி கணக்கில் வந்துவிட்டால் போதும்.

பை 7 கிலோவைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. ஊர்க்காரர் வீட்டில்தான் தங்குகிறீர்கள், ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை) அவர்கள் தருவார்கள். கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் சுமப்பது வீண்.

துணியில் பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் கூடவே கூடாது. நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டு காயாமல் கிடக்கும். மழையை விட வியர்வையால்தான் அதிகம் நனையும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. டேராடூனைவிட ஓஸ்லா ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். அங்கே மெல்லிய சட்டையில் திரிந்த அதே நாளில் இங்கே 12 டிகிரி கீழே. நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான உடை. நின்றதும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள்: போர்த்திக்கொண்டு ஏறி, வியர்த்து, மேலே காற்றில் கழற்றிவிட்டு உட்காருகிறார்கள்.

கழுத்து மணிச் சத்தம் கேட்டால்

ஊருக்கு அரிசியும் சிலிண்டரும் சிமெண்டும் கோவேறு கழுதை முதுகில்தான் போகின்றன. கச்சர் என்பார்கள். மணிச் சத்தம் கேட்டதும் மரியாதையாக ஒதுங்குகிறவர்கள் இயல்பாகப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்குவார்கள், அங்கேதான் இடம் இருப்பதுபோல் தெரியும். உயிருக்கு ஆபத்தான தவறு அது. சுமை இரு பக்கமும் அகலமாகத் துருத்திக்கொண்டிருக்கும். மிருகத்துக்குத் தன் உடம்பு எவ்வளவு அகலம் என்று தெரியும், மூட்டை எவ்வளவு என்று தெரியாது. முட்டினால் நேராக சுபினில். எப்போதும் மலைச்சுவர் பக்கம் முதுகை ஒட்டி நில்லுங்கள், கடைசிக் கழுதையும் ஓட்டுபவரும் கடந்துபோகும் வரை.

சுவரோரம் ஒட்டும்போது கையை மட்டும் கவனியுங்கள். ஓரமெல்லாம் பிச்சூ காஸ், அதாவது தேள் புல், வளர்ந்திருக்கும். நம் காஞ்சொறி மாதிரிதான். பட்டால் மணிக்கணக்கில் எரியும். சொறியாமல், டேப்பை ஒட்டி உரித்தால் முள்மயிர் கொஞ்சம் வந்துவிடும். அதே இலையைக் இந்தக் கர்வால் மலைப்பகுதி வீடுகளில் வேகவைத்துக் கீரையாகப் போடுவார்கள், ருசியாகவே இருக்கும்.

இரவு அறையில்

எல்லாவற்றிலும் மோசமான தவறு நடையில் நடப்பதில்லை. வந்து சேர்ந்து, சாப்பிட்டு, குளிரில் நடுங்கி, அறைக்குள் அங்கீட்டியை எடுத்து வைத்துக் கதவைச் சாத்தும்போது நடக்கிறது. அங்கீட்டி என்பது கரி எரியும் சட்டி. புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என அதன் அறிகுறிகள் மலைநோயைப் போலவே இருப்பதால், ‘உயரம் ஒத்துக்கலை’ என்று படுத்துவிடுகிறார்கள். ஒரே அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் உயரத்தைச் சந்தேகிக்காதீர்கள். கதவைத் திறந்து வெளியே வாருங்கள், எல்லோரையும் இழுத்துக்கொண்டு. குழாய் வைத்துப் புகையை வெளியே விடும் புகாரி அடுப்பு தேவலை. அதையும் தூங்குமுன் அணையவிட வேண்டும். அறைக்குச் சூடு வேண்டுமென்றால் சுடுநீரைப் பாட்டிலில் ஊற்றி ரஜாய்க்குள் வைத்துக்கொள்வதே மேல். போனையும் பவர் பேங்கையும் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், குளிரில் பேட்டரி விறுவிறுவென்று இறங்கும்.

இன்னொன்றும் உண்டு. இந்த வீடுகள் கல்லும் தேவதாரு மரமும், ஒன்றையொன்று தொட்டபடி. மாடியில் வைக்கோலும் காய்ந்த புல்லும். இதே மோரி வட்டாரத்தின் சாவ்ணி கிராமத்தில் 2018 பிப்ரவரியில் தீப்பிடித்து வரிசையாக வீடுகள் சாம்பலாயின. மர வராந்தாவில் சிகரெட் பிடிக்கிறவரை ஊர்க்காரர் முறைத்தால் அதற்கு இதுதான் காரணம். ‘கேம்ப் ஃபயர்’ கேட்பதும் இங்கே அசட்டுத்தனம்.

சாப்பாடும் தண்ணீரும்

இரவு ஏழு மணிக்கு ‘ராஜ்மா கிடைக்குமா?’ என்றால் ஒன்பதரைக்குத்தான் வரும். 2,560 மீட்டரில் தண்ணீர் 91, 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வகை வேக நேரம் பிடிக்கும். மாலை நான்கு மணிக்கே எத்தனை பேர் சாப்பிடுவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். மண்டுவா ரொட்டி கொடுத்தால் தயங்க வேண்டாம், அது நம் கேழ்வரகுதான்.

ஓடைத் தண்ணீர் தெளிவாக இருப்பதால் அப்படியே குடிப்பவர்கள் உண்டு. மேலே புல்வெளியில் ஆடும் மாடும் மேய்கின்றன. இந்த உயரத்தில் தண்ணீர் தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். குளோரின் மாத்திரை போட்டால் அரை மணி நேரம். பனி உருகிய சில்லென்ற நீரென்றால் அதைவிட நீண்ட நேரம் காத்திருங்கள்.

மறுநாளே ஹர் கி தூன்

இங்கேதான் உயரம் கணக்கில் வருகிறது. பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கும் ஹர் கி தூன் புல்வெளி 3,566 மீட்டர். ஓஸ்லாவிலிருந்து 1,000 மீட்டர் ஏற்றம், போக வர 22 கி.மீ.க்கும் மேல். வந்து சேர்ந்த மறுநாளே போய்த் திரும்பிவிடலாம் என்று கிளம்புவது, முடிகிற காரியம்தான், ஆனால் களைத்த காலோடு இருட்டில் இறங்க வேண்டியிருக்கும். ஒரு நாள் ஊரில் சும்மா இருங்கள். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது. போகிற நாளில் காலை ஆறு மணிக்குள் கிளம்பி, எங்கே நின்றாலும் மதியம் பன்னிரண்டுக்குத் திரும்பி நடக்கத் தொடங்கிவிடுங்கள். தலைவலியோடு குமட்டலோ தலைச்சுற்றலோ சேர்ந்தால் அதற்குமேல் ஏறக்கூடாது. நேர்க்கோட்டில் அடிமேல் அடி வைக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, காத்திருக்காமல் உடனே இறக்க வேண்டும், இரவானாலும். மலைநோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை நண்பர் கொடுத்தார் என்று போடாதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டாக வேண்டிய மருந்து அது.

ஊருக்குள்

கோயிலைத் துரியோதனன் கோயில் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் சோமேஷ்வர் என்கிறார்கள். அவர்கள் தெய்வம், அவர்கள் சொல்வதே சரி. வாசலில் நின்று வாதாட வேண்டாம். கேட்காமல் மேடையில் ஏறுவதும் செதுக்கிய மரத்தைத் தொடுவதும் கூடாது. பெல்ட், ஷூ இரண்டையும் தள்ளியே கழற்றுங்கள். வயலில் வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படமெடுப்பது, குழந்தைகளுக்கு சாக்லேட் நீட்டுவது இரண்டும் வேண்டாம். ‘தீதி’ (அக்கா), ‘பையா’ (அண்ணா) என்று கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்கினால் கதவு தானாகத் திறக்கும்.

குப்பை வண்டி இங்கே வராது. பிஸ்கட் உறை, ஈரத் துடைப்பான், நாப்கின், பேட்டரி எல்லாம் நீங்கள் கொண்டுவந்த பையிலேயே திரும்பிப் போக வேண்டும். இது 1955இல் அறிவிக்கப்பட்ட கோவிந்த் சரணாலயத்தின் எல்லை. நெட்வார் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்பார்கள், இரண்டு நகல் வைத்திருங்கள்.

திரும்பும் நாள்

ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மண் சரிந்து சாலை அடைபடும் காலம். பனி கொட்டும் டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை பழக்கமில்லாதவர்கள் வேண்டாம். நல்ல மாதத்திலும் டேராடூன் ரயிலுக்கோ விமானத்துக்கோ ஒரு நாள் இடைவெளி விடாமல் பதிவு செய்யாதீர்கள். பணத்தை டேராடூனிலேயே எடுத்துவிடுங்கள், அதுவும் நூறு, இருநூறு ரூபாய் நோட்டாக, கட்டாயமானால் புரோலாவில். சாங்க்ரிக்கு மேல் யூ.பி.ஐ.யை எண்ணி வரக்கூடாது. சாங்க்ரியிலிருந்து டேராடூன் வண்டி காலை இருட்டோடு கிளம்பும். முந்தின இரவே வீட்டுக்காரருக்குக் கணக்கு முடித்து, ஜீப்காரரிடம் பெயர் சொல்லி இடம் பிடித்து, ஷூவை அறைக்குள் எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள். வெளியே விட்டால் காலையில் லேஸ் விறைத்துப் போயிருக்கும்.