ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கிறதே என்று கியரைத் தட்டாதீர்கள்

போன மாதம் கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது, பைக்கில் முன்னால் போன தம்பி ஒருவர் வளைவுக்கு வளைவு படபடவென்று கியரைக் கீழே தட்டி, கிளட்சை ஒரேயடியாக விட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும் பின்சக்கரம் லேசாக நெளிந்தது. அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்து டீக்கடையில் கேட்டேன். "ஸ்லிப்பர் கிளட்ச் இருக்குண்ணே, ஒன்னும் ஆகாது" என்றார். கியரைக் குறைக்கும்போது பின்சக்கரம் இறுகாமல் தானாகவே கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச் அது. சில வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்லிப்பரை நம்பி கியரைத் தட்டுவது

கியரைக் குறைத்ததும் பின்சக்கரம் இன்ஜினைச் சுழற்றப் பார்க்கும். அந்த எதிர்விசை ஓர் அளவைத் தாண்டினால், கிளட்சுக்குள் இருக்கும் சரிவான மேடுகள் தட்டுகளின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைக்கும். தட்டுகள் கொஞ்சம் வழுக்கும், சக்கரம் இறுகாது. ஆனால் கிளட்ச் முழுதாக விடுபடுவதில்லை. மிச்ச விசை இன்ஜினுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் லாரி பிரேக் போட்டதும் நாலு கியரைத் தட்டி கிளட்சை விட்டேன். டயர் சறுக்கவில்லை. இன்ஜின் ஒரு கணம் அலறியது, அப்புறம் கடகடவென்று சத்தம். பிரித்துப் பார்த்தால், இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்றதில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்திருந்தன. இன்ஜின் சுழலும் வேகம் எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். அது எரிபொருளையோ தீப்பொறியையோதான் நிறுத்தும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு மாதச் சம்பளம் பட்டறைக்குப் போனது. இன்றும் நினைத்தால் எரிச்சல்தான்.

இன்னொன்று. ஈர ரோட்டிலும் மணலிலும் கிளட்ச் வழுக்கத் தொடங்கும் முன்பே டயர் வழுக்கிவிடும். ஸ்லிப்பர் அங்கே உதவிக்கு வராது. அதனால் ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். கிளட்சைப் பிடித்திருக்கும்போதே ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகிவிட்டு, பிறகு கிளட்சை விடுங்கள். வண்டி சாய்வதற்கு முன்பே இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.

ஷாஃப்ட் வண்டியில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை மூடுவது

செயினுக்குப் பதில் சுழலும் தண்டு பின்சக்கரத்தை ஓட்டும் பழைய ஷாஃப்ட் டிரைவ் வண்டிகளில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பின்பக்கம் எழும்பும், மூடினால் அமரும். சாய்ந்திருக்கும்போது பயந்து மூடினால் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி குறைந்து அடிப்பாகம் உரசும். பிஎம்டபிள்யூ 1987இல் கொண்டுவந்த பாராலெவர் என்ற பின்சக்கரத் தாங்கி அமைப்பு இதைப் பெரிதும் அடக்கிவிட்டது. அதற்கு முந்தைய வண்டியை வாங்கினால், வளைவு முடியும்வரை ஆக்சிலரேட்டரை ஒரே சீராகப் பிடிக்கப் பழகுங்கள்.

கிளட்சைப் பிடித்தபடி மலை இறங்குவது

வேண்டவே வேண்டாம். இன்ஜினின் பிடிப்பு இல்லாமல் எல்லாச் சுமையும் பிரேக்கின் மேல் விழும்; அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

கார் இன்ஜின் ஆயில் ஊற்றுவது

கிளட்ச் ஆயிலில் ஊறும் வண்டியென்றால், கார் ஆயிலில் அது வழுக்கலாம். டப்பாவில் அப்படிப்பட்ட பைக்குகளுக்கான தரக்குறியீடான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள்.