சூரிய நமஸ்காரத்தில் அந்த நான்காவது எண்ணிக்கை

மூச்சு முன்னே போகும், உடம்பு பின்னே வரும். மூச்சோடு அசைவை இணைக்கும் யோக முறையான வின்யாசத்தின் தத்துவத்தை இப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்ததை, அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ் அஷ்டாங்க வின்யாசமாக வகுத்தார். அதில் சூரிய நமஸ்காரத்தின் முதல் வகைக்கு ஒன்பது எண்ணிக்கை.

முதலில் மூச்சு. கண்ணாடியைத் துடைக்க ‘ஹா’ என்று ஊதுவோமே, அதையே வாயை மூடிக்கொண்டு செய்யுங்கள். தொண்டையில் மெல்லிய இரைச்சல் கேட்கும். அதுதான் உஜ்ஜாயி.

இனி எண்ணிக்கை. மூச்சை இழுத்துக் கைகளை உயர்த்துங்கள் (1), விட்டுக் குனியுங்கள் (2), இழுத்துத் தலையை மட்டும் நிமிர்த்துங்கள் (3). மூச்சை விட்டபடி கால்களைப் பின்னே கொண்டுபோய், உடம்பைப் பலகைபோல இறக்க வேண்டும் (4). சதுரங்க தண்டாசனம்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். தக்கலையில் எங்கள் மொட்டை மாடியில் காணொளி பார்த்துச் செய்தபோது, முழங்கை இரண்டும் கோழிச் சிறகு மாதிரி விரியும், நெஞ்சு தொப்பென்று தரையில் விழும். “என்ன மக்களே, கமந்து கிடக்கே?” என்று அம்மா கேட்டாள். மூன்றே வாரத்தில் வலது தோளில் வலி. வலி போகும்வரை நிறுத்திவிட்டு, மறுபடி கால் முட்டியைத் தரையில் ஊன்றித் தொடங்கினேன். முழங்கை விலாவை உரச வேண்டும். தோள், முழங்கையின் மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. நெஞ்சுக்கு நேராக ஒரு கெட்டித் தலையணை வைத்தேன்; அது பட்டதும் நிற்பேன். பைய இறங்கினால் போதும்.

அப்புறம் எளிது. இழுத்து நெஞ்சைத் தூக்குங்கள் (5), விட்டு இடுப்பை உயர்த்தி ஐந்து மூச்சு நில்லுங்கள் (6). இழுத்து முன்னே வந்து தலையை நிமிர்த்தி (7), விட்டுக் குனிந்து (8), இழுத்து எழுந்தால் (9) முடிந்தது.

விரிப்பு? நம் ஊர்ப் புழுக்கத்தில் மலிவான பிளாஸ்டிக் விரிப்பு வியர்வை பட்டதும் வழுக்கும். நான் இயற்கை ரப்பருக்கு மாறிவிட்டேன். வாடை அடிக்கும்தான், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்ட வீட்டுக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டா?

பின்சேர்க்கை: மணிக்கட்டு வலிக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். விரல்களை அகல விரித்து, ஆள்காட்டி விரலின் அடி மூட்டைத் தரையில் அழுத்துங்கள். பாரம் அங்கே போகும். மூன்றாவது எண்ணிக்கையிலேயே மூச்சு முட்டுகிறது என்றவருக்கு: நடுவில் ஒரு மூச்சு கூடுதலாக எடுங்கள், எண்ணிக்கை காத்திருக்கும்.