நடைபாதைக் குடும்பத்துக்குச் சோறும் கூரையும்: தெருக்காரர்கள் சேர்ந்து தொடங்குவது எப்படி?

சென்னையில் பிராட்வே, சௌகார்பேட்டை, ராயபுரம் பக்கம் இரவு பத்து மணிக்கு மேல் நடந்து பாருங்கள். கடை ஷட்டர் இறங்கியதும் அதே வாசலில் பாய் விரியும். பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையாக ஒரே நடைபாதையில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. பூ கட்டுகிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள், மீன்கூடை சுமக்கிறார்கள். உழைப்பு இருக்கிறது, முகவரிதான் இல்லை.

அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற ஐந்தாறு பேருக்காக இதை எழுதுகிறேன். பெரிய பணம் தேவையில்லை. ஒரு வருடம் விடாமல் வரக்கூடிய ஆட்கள்தான் தேவை.

முதல் படி: சமைக்கும் முன் கேளுங்கள்

நாங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை 40 பொட்டலம் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனோம். எங்களுக்கு முன்பே இரண்டு குழுக்கள் பிரியாணி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாதிப் பொட்டலம் அப்படியே மிஞ்சிவிட்டது. அங்கிருந்த ஒரு அக்கா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை, அமாவாசைன்னா வயிறு ரொம்பிடும் தம்பி. செவ்வா, புதன்ல வாங்க. மழை பேஞ்சா கண்டிப்பா வாங்க."

அதனால் முதல் இரண்டு வாரம் கையில் ஒரு நோட்டு மட்டும் போதும். குடும்பத்தில் எத்தனை பேர், குழந்தைகளுக்கு என்ன வயது, யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா, எந்த நாளில் அடுப்பு எரியாது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்க வேண்டாம். அது அவர்களுடைய வீடு. நம் வீட்டு ஹாலுக்குள் யாரோ வந்து படம் பிடித்தால் எப்படி இருக்கும்?

இரண்டாம் படி: பொட்டலமா, அரிசியா?

தனி ஆளுக்குப் பொட்டலம் சரி. குடும்பத்துக்குப் பெரும்பாலும் அரிசிதான் உதவும். மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டி அவர்களே சமைத்துக்கொள்கிறார்கள். மொத்தமாக வாங்கக் காசும் இல்லை, வைக்க இடமும் இல்லை. அதனால் பருப்பு நூறு கிராம், எண்ணெய் பாக்கெட் என்று அன்றன்றைக்குச் சில்லறையாக வாங்கி, நம்மைவிட அதிக விலை கொடுக்கிறார்கள்.

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு வாரம் ஐந்து கிலோ அரிசி, அரை கிலோ துவரம்பருப்பு, அரை லிட்டர் எண்ணெய், கொஞ்சம் புளி, மிளகாய், உப்பு என்று தொடங்குங்கள். அப்புறம் அவர்களிடமே கேட்டு மாற்றிக்கொள்ளலாம். எங்களிடம் பருப்பைக் குறைத்துக் கருவாடு கேட்டார்கள், கொடுத்தோம்.

பொட்டலம் கட்டுவதானால் புளியோதரையும் எலுமிச்சை சாதமும் தாங்கும். சென்னை வெயிலில் தயிர் சாதம் புளித்துவிடும், தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ அரிசிக்கு ஏழெட்டுப் பொட்டலம் வரும்.

என்ன கொடுத்தாலும் அதே கிழமை, அதே நேரம். 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. எந்த நாள் போனாலும் சோறு உண்டு என்ற நம்பிக்கைதான் அந்த இடத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்தது. செவ்வாய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால், நம்மை நம்பி அன்று அரிசி வாங்காத வீடு பட்டினி.

பக்கத்து அம்மா உணவகம் எங்கே இருக்கிறது என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2013-இல் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று தொடங்கியது.

மூன்றாம் படி: பிள்ளைகள்

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை அங்கன்வாடி. சத்துமாவு கிடைக்கும், கர்ப்பிணிகளுக்கும் உண்டு. அதற்கு மேல் அரசுப் பள்ளி. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரை காலையிலும் சாப்பாடு கிடைக்கிறது, மதியம் சத்துணவு. பள்ளி நாட்களில் இரண்டு வேளை கவலை தீரும். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பினால், வயதுச் சான்று இல்லாததைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்வதை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்.

நான்காம் படி: காகிதம்

இதுதான் கஷ்டமான இடம், அதிகப் பலன் தருவதும் இதுதான். தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை இருந்தால் மாதம் 20 கிலோ வரை அரிசி இலவசம். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. நாம் வாரம் முழுக்க அலைந்து திரட்டும் அரிசி அது. ஆனால் அட்டைக்கு முகவரி கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவை ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அவர் தன் காகிதங்களை ஒரு கேரி பேக்கில் சுற்றி, புடவையில் முடிந்து தலைக்கு வைத்துப் படுப்பார். ஒரு மழையில் ஆதார் அட்டை நைந்து மாவாகிவிட்டது.

முதலில் வாக்காளர் அட்டையிலிருந்து தொடங்குங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-இல், வீடற்றவர் தான் தூங்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில், ஒரு முறைக்கு மேல், அந்த இடத்துக்கு வந்து பார்ப்பார். உண்மையிலேயே அங்கே தூங்குகிறார் என்று உறுதியானால் இருப்பிடத்துக்கு வேறு சான்று தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அந்த இரவுகளில் குழுவில் ஒருவர் கூட இருங்கள். "ஷட்டர் எண் இத்தனை, இந்தக் கடை எதிரே" என்று அடையாளம் தெளிவாக இருக்கட்டும்.

வாக்காளர் அட்டை வந்தால் அதைக் காட்டி ஆதாரில் முகவரி மாற்றலாம். எல்லாருடைய ஆதாரும் தயாரானதும் இ-சேவை மையத்தில் ரேஷன் அட்டைக்கு விண்ணப்பம். ரேஷன் தொடர்பான புகாருக்கு 1967. எல்லா அட்டைகளையும் லேமினேட் செய்து, நகல் ஒன்றை உங்களிடமும் வையுங்கள், அவர்கள் சம்மதித்தால் மட்டும்.

ஐந்தாம் படி: கூரை

ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் இரவுக் காப்பகம் வீதம், வருடம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்கலாம். ஆனால் பல காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. குடும்பத்தைப் பிரித்து அனுப்பச் சம்மதிக்காதவர்களை வற்புறுத்தாதீர்கள். பெரும்பாக்கம் மாதிரி இருபது கிலோமீட்டருக்கு அப்பால் அரசு வீடு கிடைத்தும் திரும்பி வந்தவர்களைத் திட்டாதீர்கள். விடியற்காலை நாலு மணிக்குப் பூக்கடை வந்து உதிரிப்பூ எடுத்தால்தான் அன்றைய பிழைப்பு.

சின்ன அறைக்கு மாத வாடகை கட்ட முடிகிற குடும்பங்களைக்கூட அட்வான்ஸ்தான் தடுக்கிறது. அதற்கு ஒரு சுழல் நிதி வையுங்கள். பத்துப் பேர் மாதம் 500 ரூபாய் போட்டால் எட்டு மாதத்தில் 40,000. பணத்தை வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கொடுங்கள், ஒப்பந்தம் அந்தக் குடும்பத்தின் பெயரில் இருக்கட்டும். காலி செய்யும்போது அட்வான்ஸ் நிதிக்கே திரும்பும் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொண்டால் பிறகு மனத்தாங்கல் வராது. நாங்கள் இப்படி அமர்த்திய முதல் அறை பத்துக்குப் பத்து, ஒரே ஜன்னல். அந்த அம்மா முதல் நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார், திறந்தார், மறுபடி போட்டார்.

தொடங்குவதானால் ஆகஸ்டில் தொடங்குங்கள். காகித வேலை இழுக்கும், அக்டோபர் பாதியில் மழை வந்துவிடும்.