பெரியம்மா வீட்டு வில்லங்கம் தீர்ந்த விதம்

பாலக்கோட்டில் பெரியம்மா குடியிருக்கும் வீட்டின் மேல் எவ்வளவு கடன் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பா சொல்லாமலே இறந்துபோனார். ஊர்ப்பேச்சை ஒதுக்கிவிட்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான அடமானம் போன்றவற்றைக் காட்டும் சான்று, எடுத்தேன். ஒரே ஒரு அடமானம், கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில். சங்கப் பேரேட்டில் அந்தக் கணக்கு சிவப்பு மையில் அடித்து முடிக்கப்பட்டிருந்தது. கடன் தீர்ந்தது என்று சங்கம் எழுதித் தரும் ரசீது ஆவணம்தான் பதிவாகவில்லை. கடனைக் கட்டியிருந்தாலும், அதைப் பதியும் வரை சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். சங்கச் செயலாளர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட்டார்.

இன்னொருவர், பெரியப்பா கடனுக்கு எழுதிக் கொடுத்த பழைய புரோநோட்டோடு வந்தார். வெறும் நோட்டு வீட்டைப் பிணைக்காது. இடையில் கடனில் ஒரு பகுதி கட்டியதாக வரவும் இல்லாததால், வழக்குப் போட 1963 காலவரையறைச் சட்டம் தரும் 3 ஆண்டுக் கெடுவும் தாண்டியிருந்தது. பெரியம்மாவோ, "கையெழுத்து அவருடையதுதான், கொடுத்துவிடு சாமி" என்றார். அசலைக் கொடுத்து, நோட்டின் பின்புறம் முழுத் தொகையும் பெற்றதாக எழுதி வாங்கினேன்.