மாதுளையை வெயில் சுடாமல் இருக்க நிழல்வலை

தைப் பூவில் பிடித்த மாதுளைக்கு மதுரைப் பக்கம் சோதனை சித்திரையில்தான். பிஞ்சு திரண்டு வரும் நேரம் பார்த்துச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்கும். வெயில் நேராகப் படும் பழத்தோல், சுற்றியுள்ள காற்றைவிட 10 டிகிரி அளவுக்குக் கூடுதலாகச் சூடாகும். மேற்கே பார்த்த பக்கம் முதலில் மஞ்சளாக வெளிறி, பிறகு பழுப்புத் தழும்பாகி, கறுத்து விறைத்துப்போகும். விறைத்த தோல் விரியாது; பழம் பருக்கும்போது தழும்பின் ஓரம் வெடிக்கும். அறுத்தால் அந்தப் பக்கத்து முத்து வெளுத்துக் கிடக்கும்.

இதற்கு 35 சதவீத நிழல் தரும் வெள்ளை வலை போதும். யுவி (வெயிலின் புற ஊதாக் கதிர்) தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். நர்சரிக்குப் போடும் 75 சதவீதப் பச்சை வலை வேண்டாம். அதன் அடியில் கிளை நீளும், பூ குறையும், பழம் நிறமேறாது. கோடை மழைக்குப் பின் இலை சீக்கிரம் காயாமல் நோயும் பரவும்.

12 அடி இடைவெளியில் 160 அடி நீள வரிசை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசைக்கு 3 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளமுள்ள சுருள் ஒன்று. 20 அடிக்கு ஒன்றாக 12 அடி உயரப் பந்தல் கால் 9; இரண்டரை அடி மண்ணுக்குள் போகட்டும். மேலூர்ச் செம்மண்ணில் கல் போட்டு இடித்தாலே கால் நிற்கும். திருமங்கலம் கரிசல் கோடையில் வெடித்து மழையில் ஊதும், கால் சாய்ந்துவிடும்; அங்கே குழிக்குக் கான்கிரீட் போட்டே ஆக வேண்டும்.

கால்களின் தலை வழியாக 10 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியை நெடுக ஒன்றும், பக்கத்து வரிசைக் கால்களுக்குக் குறுக்காகவும் இழுங்கள். வலையின் இரு ஓரத்துக்கும் 12 கேஜ் கம்பி. வரிசைக்கு முன்னது 7 கிலோ, பின்னது நாலரை கிலோ ஆகும். கம்பி முடியும் ஒவ்வொரு கடைசிக் காலுக்கும் வெளியே 5 அடி தள்ளி, கல்லில் கம்பியைச் சுற்றிப் புதைத்து ஸ்டே (காலை இழுத்துப் பிடிக்கும் கம்பி) கொடுங்கள். ஸ்டேயில் சிக்கனம் பார்த்தால் மொத்தப் பந்தலும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வலைகளுக்கு நடுவே 2 அடி சந்து விடுங்கள். வீணான இடம் என்று தோன்றும். ஆடிக் காற்று வெளியேறும் வழி அதுதான். சித்திரை உச்சி வெயில் அதன் வழியே நடைபாதையில்தான் விழும். சாயங்கால வெயிலுக்கு, கடைசி மேற்கு வரிசையில் மட்டும் 6 அடி வலையைத் திரைபோலத் தொங்கவிட வேண்டும். அடியில் 3 அடி திறந்திருக்கட்டும்.

வலை கிழிவது பெரும்பாலும் கட்டிய இடத்தில். கட்டுக்கம்பியால் முறுக்கினால் காற்றில் உரசி ஒரே பருவத்தில் இழை அறுந்துவிடும். பழைய சைக்கிள் டியூப்பை அரை அங்குலப் பட்டையாக நறுக்கிக்கொள்ளுங்கள். வலை ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து, மடிப்புக்குள் பட்டையைக் கோத்து, கம்பியோடு சேர்த்து 2 அடிக்கு ஒரு முடிச்சு. காற்று தூக்கும்போது ரப்பர் இழுபட்டுத் திரும்பும். ரப்பர் வெயிலில் பொடிந்துபோகும் என்பதால் வருடா வருடம் மாற்றுங்கள். காலின் தலையில் பழைய சொட்டுநீர்க் குழாயைப் பிளந்து சுற்றிவிட்டால் அங்கேயும் வலை அறுபடாது.

பூ இருக்கும்போது வலை விரிக்காதீர்கள், தேனீ வந்துபோகட்டும். பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் விரிக்கலாம். வலைக்குக் கீழே மண் மெதுவாகக் காயும். பழைய அளவிலேயே தண்ணீர் விட்டால் வேர் மூச்சு முட்டும். அரை அடி ஆழத்து மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

அக்னி நட்சத்திரம் முடிந்ததும் அவசரப்பட்டு வலையைக் கழற்றுவதுதான் பெரிய தவறு. நிழலில் வளர்ந்த தோல் ஒரே நாள் வெயிலில் வெந்துவிடும். அறுவடை வரை விட்டுவையுங்கள். கழற்றியே ஆகவேண்டும் என்றால் மேகமூட்டமான நாட்களில், சாயங்காலம், பாதி பாதியாக. சுருட்டிய வலையை உத்தரத்தில் தொங்கவிடுங்கள், தரையில் போட்டால் எலி கூடு கட்டிவிடும்.