அடிக்கும் முன் ஓரத்தில் எழுதுங்கள்: விகிதமுறு கோவையில் சறுக்கும் இடங்கள்

(x² − 5x + 6)/(x² − 9). இது ஒரு விகிதமுறு கோவை, அதாவது ஒரு பல்லுறுப்புக் கோவையை இன்னொன்றால் வகுத்தது. இதைச் சுருக்கச் சொன்னால் பல மாணவர்களின் பேனா நேராக x² மேல்தான் பாயும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மிஞ்சியது (−5x + 6)/(−9). x = 1 போட்டுப் பாருங்கள். மூலக் கோவை −1/4 தருகிறது, அடித்துச் சுருக்கியது −1/9. பெருக்கலில் நிற்கும் காரணியைத்தான் அடிக்கலாம். கூட்டல் கழித்தலில் மாட்டியிருக்கும் உறுப்பைத் தொடக் கூடாது. (சோதிக்க 0 எடுத்துவிடாதீர்கள். இந்தக் கணக்கில் இரண்டுமே −2/3 என்று வந்து ஏமாற்றும்.)

காரணிப்படுத்தினால் தொகுதி (x − 2)(x − 3), பகுதி (x − 3)(x + 3). இப்போது (x − 3)ஐ அடிக்கலாம். விடை (x − 2)/(x + 3). இதுவரை ஒழுங்காக வந்தவர்களும் அடுத்த அடியில் சறுக்குவார்கள். பகுதி சுழியாகும் இடமெல்லாம் செங்குத்துத் தொலைத்தொடுகோடு (வளைவரை நெருங்கிக்கொண்டே போகும் நேர்கோடு) என்று சிலர் 3, −3 இரண்டையும் எழுதுவார்கள். வேறு சிலருக்கு, அடித்ததோடு 3 மறந்தே போகும். உண்மையில் x = −3 மட்டுமே தொலைத்தொடுகோடு. 3க்கு அருகே வளைவரை அமைதியாகத்தான் போகிறது: 2.99 போட்டால் 0.165, 3.01 போட்டால் 0.168. சரியாக 3 போட்டால் மட்டும் 0/0. அதாவது 1/6 உயரத்தில் ஒரு புள்ளி காணவில்லை, வளைவரையில் ஓர் ஓட்டை. படத்தில் அங்கே சிறு வெற்று வட்டம் போட வேண்டும். அதனால்தான் அடிக்கும் முன்பே x ≠ 3, x ≠ −3 என்று ஓரத்தில் எழுதிவிடச் சொல்கிறேன்.

காரணி அடிபட்டாலே ஓட்டைதான் என்றும் முடிவு கட்டாதீர்கள். (x − 3)/(x − 3)² இல் ஒன்று அடிபட்டும் பகுதியில் இன்னொன்று மிஞ்சுகிறது, அங்கே தொலைத்தொடுகோடுதான். அடிக்கும்போது குறியையும் கவனியுங்கள்: (3 − x)/(x − 3) என்பது 1 அல்ல, −1.

கிடைமட்டத் தொலைத்தொடுகோட்டை வளைவரை வெட்டவே கூடாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. x/(x² + 1) தன் தொலைத்தொடுகோடான y = 0ஐ ஆதிப்புள்ளியிலேயே வெட்டிக்கொண்டு போகிறது. பெயரிலேயே ‘தொலை’ இருக்கிறதே, நெருக்கம் தொலைவில்தான்.

தொகுதியின் படி பகுதியின் படியைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் தொலைத்தொடுகோடு சாய்ந்திருக்கும். (x² + 1)/(x − 1)க்கு முதல் உறுப்புகளை மட்டும் வகுத்து y = x என்று எழுதிவிடுகிறார்கள். முழுதாக வகுத்தால் ஈவு x + 1, மீதி 2; கோடு y = x + 1. x = 101 இல் கோவையின் மதிப்பு 102.02, கோட்டின் உயரம் 102.