எழும்பூரில் இறங்கியதும் செயலியில் கார் அழைப்பது எப்படி?

காரைக்குடியில் அதிகாலையில் பல்லவன் ரயிலேறி எழும்பூரில் இறங்கும் நம்மூர்ப் பெரியவர்கள் பலர், பிள்ளைகள் வாசலில் சொந்தக் காரை வைத்துக்கொண்டே ஏன் வாடகைக் காரை அழைக்கிறார்கள் என்று கேட்பதுண்டு. சென்னையில் வண்டி ஓட்டுவதைவிட அதை நிறுத்த இடம் தேடுவதுதான் பெரும்பாடு. அதைவிட முக்கியமானது, ஏறுமுன்பே கட்டணம் தெரிந்துவிடுவது. ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2013இல் அரசு நிர்ணயித்த பிறகும் பேரம் ஓயவில்லை. கைப்பேசியில் கார் அழைக்க உதவும் ஓலா, ஊபர் செயலிகள் நகரத்தில் வேரூன்றியதற்கு அந்தச் சலிப்பே முதற்காரணம் என்பது என் எண்ணம்.

செயலியை ஊரிலேயே நிதானமாக நிறுவி, கைப்பேசி எண்ணைப் பதிந்து, மகன் அல்லது மகள் வீட்டு முகவரியைச் சேமித்துவிடுங்கள். ரயிலடியில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலையன்று அது. பணம் செலுத்தும் முறையில் ரொக்கத்தையும் தேர்ந்தெடுக்கலாம்.

மிகுந்த கவனம் வேண்டியது, ஏறுமிடத்தைக் குறிக்கும் புள்ளியில்தான். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலுமாக இருக்கும் நம்மூர் வீடுகளைப் போலவே எழும்பூர் நிலையத்துக்கும் இரண்டு பக்கம் வாசல் உண்டு: ஒன்று காந்தி இர்வின் சாலையில், மற்றொன்று பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம். என் ஆத்தா முதன்முறை தனியாகக் கார் அழைத்தபோது, மாவுருண்டையும் சீப்புச்சீடையும் நிறைந்த எவர்சில்வர் தூக்கோடு காந்தி இர்வின் சாலையில் நின்றார்கள். புள்ளியோ பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் விழுந்திருந்தது. ஓட்டுநர் அங்கே காத்திருந்துவிட்டுப் பயணத்தை ரத்து செய்துவிட்டார். ஆகவே வாசலுக்கு வெளியே வந்தபின் வரைபடத்தை விரலால் நகர்த்தி, புள்ளியை நீங்கள் நிற்கும் சாலையில் வையுங்கள்; ஓட்டுநர் அழைத்தால் சாலைப் பெயரையும் எதிரிலுள்ள கடையின் பெயரையும் சொல்லுங்கள்.

சாமான் அதிகமென்றால் சிறிய காரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பல வண்டிகளில் டிக்கியின் பாதியை வண்டி ஓடுவதற்கான கேஸ் சிலிண்டரே அடைத்துக்கொள்ளும்.

வண்டி வந்ததும், மஞ்சள் பலகையிலுள்ள பதிவெண் திரையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். ஒத்துப்போனால் மட்டும் ஏறி அமர்ந்து, அதன் பிறகே செயலி உங்கள் திரையில் காட்டும் ஓ.டி.பி. என்ற ரகசிய எண்ணை ஓட்டுநரிடம் சொல்லுங்கள், கைப்பேசியில் அழைத்து முன்கூட்டியே கேட்டால் சொல்ல வேண்டியதில்லை. பயண விவரத்தைப் பகிரும் பொத்தானை அழுத்தி வீட்டாருக்கு அனுப்பிவிட்டால், கார் எங்கே வருகிறது என்பதை அவர்கள் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம். தனியாக வரும் ஆச்சிமாருக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மழை நாளிலும் அலுவலக நேரத்திலும் கட்டணம் ஏறும். மத்திய அரசின் 2025ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்கு வரை அதை அனுமதிக்கின்றன. அவசரமில்லையென்றால் நிலையத்திலேயே ஒரு காபி குடித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ஊர் திரும்பும்போது மட்டும் செயலியை நம்பி இறங்காதீர்கள். காரைக்குடியில் இறங்கி கானாடுகாத்தானுக்கோ ஆத்தங்குடிக்கோ இரவில் போக வேண்டுமென்றால், பழகிய ஓட்டுநரிடம் முந்தின நாளே ரயில் வரும் நேரத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள்.